ஊர்ப் பதிவில் ஒரு ஸ்கூட்டி

என்னுடைய ஸ்கூட்டியின் நம்பர் தகட்டில் முதலில் இருப்பவை என்.பி. என்ற எழுத்துகள். வட மாகாணத்தில் பதிந்த வாகனம் என்று அர்த்தம். ஆனால் நான் அதை ஓட்டித் திரிந்தது புத்தளத்தில். அங்கே ரோட்டில் போகிற வாகனங்களில் பெரும்பாலானவை வடமேல் மாகாணத்து என்.டபிள்யூ. அதனால் சந்தியில் நின்றால் யாராவது தகட்டைப் பார்த்துவிட்டு, "மன்னார்ப் புள்ளயா?" என்று கேட்பார்கள். "ஓம்" என்பேன். "எந்தப் பக்கம்?" என்பார்கள். "சிலாவத்துறைப் பக்கம்" என்பேன். அதற்கு மேல் கதை வளராது.

உண்மையில் நான் பிறந்தது புத்தளத்தில்தான். வாப்பாவும் உம்மாவும், தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர்கள். கற்பிட்டி ரோட்டோரத்து அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலில் நான் பிறந்தேன். சண்டை முடிந்த பிறகு, எனக்கு விவரம் தெரியத் தொடங்கிய வயதில், வாப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு சிலாவத்துறைக்குப் பக்கத்தில் இருந்த தன் பழைய காணிக்குத் திரும்பிப் போனார். காடு வெட்டி, கிணறு இறைத்து, ஒரு வீடு கட்டினார். உம்மாவின் தங்கை, என்னுடைய சாச்சி, திரும்பவில்லை. சாச்சா பள்ளிவாசல்துறையில் வெங்காயத் தோட்டம் செய்தார். பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள். அவர்கள் புத்தளத்து ஆட்களாகிவிட்டார்கள். பிறகு கணக்கியல் டிப்ளோமா படிக்க எனக்குப் புத்தளத்தில் இடம் கிடைத்தபோது, நான் தங்கியது சாச்சி வீட்டில்.

ஸ்கூட்டியை வாப்பா தன் பேரில்தான் எடுத்திருந்தார், ஊர் முகவரியில். அதை நான் புத்தளத்துக்குக் கொண்டுபோனபோது சாச்சா வாப்பாவிடம் போனில் சொன்னார்: "மச்சான், இங்கத்த முகவரிக்கு மாத்திப் போடுவம். வருஷா வருஷம் வரிப் பத்திரம் புதுப்பிக்க அங்க அலைய ஏலா."

வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரு பயம் இருந்தது. திரும்பி வந்த குடும்பங்கள் உண்மையிலேயே ஊரில் இருக்கிறார்களா, அல்லது காணிக்கும் வீட்டுக்கும் பேரைக் கொடுத்துவிட்டுப் புத்தளத்திலேயே இருக்கிறார்களா என்று அடிக்கடி ஆட்கள் வந்து பார்த்தார்கள். அடுப்பில் சாம்பல் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தவர்கள் உண்டு. வாக்காளர் இடாப்பில் பேர் வெட்டுப்பட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. அதனால் வாப்பா எல்லாவற்றையும் அந்த முகவரிக்கே சேர்த்தார். கரண்ட் பில், என் அடையாள அட்டை, ஸ்கூட்டி.

"நீ எங்க படிச்சாலும் உன்ட வீடு இது" என்றார். "வாகனத்தின்ட பதிவு இங்க இருக்கட்டும். கேக்கிறவனுக்குக் காட்டுறதுக்கு ஒண்டு இருக்கும்."

அப்படியே இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டியை ஊருக்குக் கொண்டுபோவேன். வாப்பா புகைப் பரிசோதனைக்கும் கந்தோருக்கும் தானே ஓட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கழுவித் துடைத்து, புதுப் பத்திரத்தை முன்பக்கத்தில் ஒட்டியிருப்பார்.

பெற்றோல் இல்லாமல் போன வருடத்தில்தான் இந்தப் பதிவு எங்களைப் பிடித்துக்கொண்டது. முதலில் வரிசைகள் வந்தன. பிறகு வரிசைகளில் ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள். பிறகு சண்டை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் பதிந்த வாகனங்களுக்கு மட்டும், அந்தப் பிரிவில் இருக்கிற பெற்றோல் செட்டில் மட்டும், வாரத்துக்கு ஒரு தடவை அடிக்கலாம். வெளி வாகனங்களுக்கு இல்லை.

சாச்சியுடன் கிராம சேவகரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். எங்களுக்குக் கதிரை போட்டு, ஸ்கூட்டியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது மன்னார்ப் பதிவு, மகள்."

"நான் இங்க தங்கிப் படிக்கிறன் சேர். இவங்கட வீட்டிலதான்."

"நீங்க படிக்கிறீங்க. வாகனம் படிக்கலயே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கண்டதும் அவர் குரலைத் தணித்து, ஊரில் அட்டை எடுக்கவில்லை என்று அங்கத்தைய கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் மேலே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

வாப்பா ஊரில் போய்க் கேட்டார். அங்கே சொன்னார்கள்: வாகனத்தைக் கொண்டுவந்து காட்டினால் அட்டையே தரலாம், கடிதம் எதற்கு? வாப்பா போனில் இதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. "வாகனத்தக் காட்டுறதுக்குப் பெற்றோல் வேணும். பெற்றோலுக்கு அட்ட வேணும். என்னண்டு செய்ற மகள்?" என்றார். பிறகு, "பொறு. இது எத்தின நாளைக்கு" என்றார்.

நான் ஸ்கூட்டியைச் சாச்சி வீட்டு வெங்காயக் கொட்டிலுக்குள் நிறுத்தினேன். தாங்கியின் அடியில் கொஞ்சம் பெற்றோல் கிடந்தது. அதை ஆபத்துக்கென்று வைத்துக்கொண்டேன். பஸ் ஓடினால் வகுப்புக்குப் போனேன். ஓடாவிட்டால் வீட்டில் இருந்தேன். பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை, சுபஹ் தொழுகை முடிந்து சாச்சி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது காக்காவின் கோல் வந்தது. காக்கா என்னுடைய ஒரே சகோதரர். உம்மா வாப்பாவுடன் ஊரில் இருந்தார். அவர் அந்த நேரத்தில் எடுக்கிறவர் இல்லை. போனைக் காதில் வைத்ததும் பின்னால் பொம்பிளைகள் அழுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, பக்கத்தில சாச்சா இருக்காரா?"

"என்ன காக்கா?"

"சாச்சாட்டக் குடு."

"எனக்குச் சொல்லுங்க."

"வாப்பா மௌத்தாப் போனாரு" என்றார். இரவு நெஞ்சு நோவு என்று சொல்லியிருக்கிறார். ஓட்டோ தேடி, பெற்றோல் உள்ள ஓட்டோ ஒன்றைத் தேடி, மன்னாருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

நான் அழவில்லை. ஸ்கூட்டியின் திறப்பு எங்கே என்றுதான் தேடினேன். சாச்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறாள்; நான் அவளுடைய தோளுக்கு மேலால் ஆணியில் திறப்பு தொங்குகிறதா என்று பார்க்கிறேன்.

எங்களில் ஜனாஸாவை வைத்திருக்க மாட்டார்கள். குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டை விட்டுச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் நான் போய்ச் சேராவிட்டால், வாப்பாவின் முகத்தை இனி ஒருநாளும் பார்க்க முடியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மட்டும்தான்.

"மத்தியானம் ளுஹரோட எடுக்கிறதெண்டு கதைக்கிறாங்க" என்றார் காக்கா போனில்.

"பின்னேரம் அஸர் வரைக்கும் வைங்க. நான் வாறன்."

"எதில வாற? பஸ் இல்ல. காட்டுப் பாதையும் மூடிக் கிடக்கு."

"வாறன் காக்கா. அஸர் வரைக்கும் வைங்க."

வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகிற பழைய பாதை திறந்திருந்தால் கிட்டத்தான். அது மூடிக் கிடந்ததால் அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிக்கொண்டு போகவேண்டும். தாங்கி நிரம்பியிருந்தால் ஸ்கூட்டி ஒரே ஓட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நான் அதைத்தான் நினைத்தேன். ஒரு தாங்கி பெற்றோல். உலகத்தில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

சாச்சா பின்னால் ஏறிக்கொண்டார். ரோட்டோரத்து செட்டில் வரிசை தென்னந்தோப்பு வரைக்கும் நீண்டிருந்தது. சாச்சா இறங்கி முன்னால் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். பெரும்பாலானோர் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் மட்டும், ஓட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ரெண்டு நாளா நிக்கிறம். எல்லாற்ற வீட்டிலயும் ஒரு மௌத்து இருக்கு" என்று கத்தினார். அவருடைய கண் சிவந்து வீங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

பம்ப் அருகில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். தகட்டைப் பார்த்ததும், தங்கச்சி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் கேட்டார்: "நங்கி, அட்டை?"

"இல்ல சேர். நான் இங்க படிக்கிறன்."

"இது மன்னார் வாகனம். மன்னாருக்குப் போய் அடிக்கவேணும்."

"மன்னாருக்குப் போறதுக்குத்தான் சேர் கேக்கிறன்."

என் சிங்களம் அவ்வளவு நல்லதில்லை. வாப்பா இறந்துவிட்டார் என்பதைச் சொல்லும்போது எந்தச் சொல்லைப் போடுவது என்று தடுமாறினேன். மிருகம் செத்தது என்கிற மாதிரி சொல்லிவிட்டேனோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அவர் தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்தார். பம்ப் நடத்துகிறவரிடம் போய்க் கதைத்தார். அவர் கையை விரித்தார். பிரதேச செயலகத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தால் அடிக்கலாமாம். சனிக்கிழமை கந்தோர் பூட்டு.

"பள்ளிவாசல்ல கடிதம் எடுத்துத் தாறன்" என்று சாச்சா கெஞ்சினார். அதற்கிடையில் வரிசையிலிருந்து ஒரு மனிதர் முன்னால் வந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. சாரம் கட்டி, கையில் அட்டையுடன். "என்ட பங்கில இந்தப் புள்ளைக்கு அடிங்க. நான் நடந்து போறன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும், "என்டதிலயும் கொஞ்சம்" என்றார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

ஆனால் பம்ப் நடத்துகிறவர் குழாயைத் தூக்கவில்லை. "இருந்தால்தானே தர" என்றார் தாழ்ந்த குரலில். "அடியில மண்டிதான் கிடக்கு. பெற்றோல் பவுசர் வரும் வரைக்கும் யாருக்கும் இல்ல. சொன்னா இவங்க என்னை அடிச்சே கொல்லுவாங்க."

வரிசை முழுக்க அந்தப் பவுசருக்காகத்தான் நின்றிருக்கிறது. பவுசர் இன்றைக்கா நாளைக்கா என்று யாருக்கும் தெரியாது.

ரோட்டோரத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அபாயா முழுக்கப் புழுதி. காக்கா திரும்ப எடுத்தார். "போன்ல காட்டட்டா தங்கச்சி? பள்ளி மோதினார் ஒண்டும் சொல்லமாட்டாரு. ஒரு நிமிஷம் பாத்துக்க."

"வேணாம்" என்றேன்.

"நேரத்துக்கு வந்து சேராட்டி?"

"வேணாம் காக்கா. நான் வாறன் எண்டு சொல்லுங்க."

வாப்பாவை ஒரு கைபேசிக் கண்ணாடிக்குள், யாரோ ஆட்டிக்கொண்டு பிடிக்கிற படமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

சாச்சா அந்த நேரம் முழுக்கக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "போட்டில போவமா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் கற்பிட்டிக் கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன் தொழில் செய்துகொண்டிருந்தார். சாச்சாவுக்குப் பழக்கம். அவருடைய படகும் மன்னார்ப் பதிவு. அந்தப் பருவத்தில் அவருக்கும் கற்பிட்டியில் மண்ணெண்ணெய் கொடுக்கவில்லை. அதனால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, படகை ஊருக்குக் கொண்டுபோவதற்கென்று மிச்சம் பிடித்த எண்ணெயோடு, காற்று தணியும்வரை காத்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. யாரும் வெளிக்கடலுக்குப் போகமாட்டார்கள்.

நாங்கள் போனபோது அவர் வாடிக்கு முன்னால் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தார். சாச்சா சொன்னதைக் கேட்டுவிட்டு, பாணைக் கீழே வைத்தார்.

"உங்கட வாப்பாவத் தெரியும்" என்றார் என்னிடம். "எங்கட காணிக்கு வேலி போடக்குள்ள வந்து நிண்டவரு." பிறகு வானத்தைப் பார்த்தார். "குதிரைமல வரைக்கும் பிரச்சின இல்ல. தீவுகள் மறைக்கும். அங்கால சொல்ல ஏலா."

"போக ஏலுமா, ஏலாதா காக்கா?" என்று படகுக்காரரிடம் கேட்டேன்.

"போகலாம். திரும்பி வாறதுக்கு எண்ண காணாது. போனா போனதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எஞ்சினை எழுப்புறதுக்குக் கொஞ்சம் பெற்றோல் வேணும். அதுதான் இல்ல" என்றார். அந்த எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில் என்றாலும், ஸ்டார்ட் ஆவதற்குப் பெற்றோல் வேண்டும்.

ஸ்கூட்டியின் தாங்கிக்குள் குழாயை விட்டு, சாச்சா வாயால் உறிஞ்சி எடுத்தார். ஒரு சின்னப் போத்தல்கூட நிறையவில்லை. போதும் என்றார் படகுக்காரர். ஸ்கூட்டியை வாடிக்குள் தள்ளி வைத்தோம்.

துறையில் கடற்படைக் காவலர் ஒருவர் மறித்தார். என்னுடைய வயதுதான் இருக்கும். மீன்பிடிப் படகில் ஆட்களை ஏற்ற முடியாது, அதுவும் பொம்பிளைப் பிள்ளை, அதுவும் இந்தக் கடலில். படகுக்காரர் விளக்கினார். காவலர் என்னைப் பார்த்து, "தாத்தாவா?" என்று கேட்டார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன்.

"ஓம்" என்றேன் தமிழில்.

அவர் தள்ளிப்போய் யாருக்கோ போன் எடுத்து நீண்ட நேரம் கதைத்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ளுஹருக்குப் பாங்கு சொல்லிவிடுமோ என்று நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்தேன். திரும்பி வந்தவர் எங்கள் பேர்களை எழுதி எடுத்தார். உயிர்காப்பு அங்கி இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றைத் தானே எனக்கு மேலால் போட்டு இழுத்துக் கட்டினார். "மெதுவாகப் போங்கள்" என்றார். எங்களுக்கு மெதுவாகப் போகத்தான் நேரமில்லை.

தீவுகளுக்கு உள்பக்கத்துக் கடல் வாவி மாதிரிக் கிடந்தது. வலது பக்கம் முழுக்கக் காடு. மனிதர் இல்லாத கரை. படகு நேராகப் போனது. எனக்கு நம்பிக்கை வந்தது. காக்காவுக்கு எடுத்து, "கடல்ல வாறம்" என்றேன். அவர் நம்பவில்லை. பிறகு உம்மாவிடம் போனைக் கொடுத்தார். உம்மா, "மகள்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னா. பிறகு அழுகை. அதற்குப் பிறகு சிக்னல் போய்விட்டது.

குதிரைமலை முனையைத் தாண்டியதும் கடல் மாறியது. இடப்பக்கத்திலிருந்து அலை வந்து படகைத் தூக்கியது, வைத்தது. முதலில் தண்ணீர் என் மடியில் விழுந்தது. பிறகு எங்கே விழுகிறது என்று பார்க்கிற நிலைமை இல்லை. சாச்சா வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தார். ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் என்னுடைய அங்கியின் பட்டியையும் பிடித்திருந்தார். நான் கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதியில் மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன்.

படகுக்காரர் எஞ்சினைத் தணித்தார். தணித்தால் நேரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

"வேகமாப் போக ஏலாதா காக்கா?" என்று கத்தினேன்.

"போனா பிரட்டிப்போடும்" என்று அவரும் கத்தினார். "எனக்கும் மூணு புள்ள இருக்கு, தங்கச்சி."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் வழிய, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகப் பார்த்துப் பார்த்துப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரை இந்தக் கடலுக்குள் கொண்டுவந்தது நான். சாச்சாவை, சாச்சியின் புருஷனை, இங்கே கொண்டுவந்ததும் நான். வாப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்ப்பதற்காக. யா அல்லாஹ், இவங்க ரெண்டு பேரையும் கரையில சேர்த்துப் போடு என்று துஆக் கேட்டேன். எனக்கென்று கேட்டு வைத்திருந்ததை அந்த இடத்தில் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

சூரியன் சாய்ந்துகொண்டே போனது. அஸருடைய நேரம் கடலில் கழிந்தது. அது கழிவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சிலாவத்துறைக் கரையில் படகு தட்டியபோது மஃரிபுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இறங்கி ஓடப் பார்த்தேன். இரண்டு தடவை விழுந்தேன். கரையில் நின்ற ஒருவர் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வழியில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் தெருவின் முனையில் ஆண்கள் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தொப்பிகள், சாரங்கள். காக்கா நடுவில். என்னைப் பார்த்து நின்றார், பிறகு ஓடி வந்தார். உடம்பு முழுக்க நனைந்து, தலையில் உப்புப் படிந்து நின்ற என்னை அவர் முதலில் அடையாளம் பிடிக்கவில்லையாம், பிறகு சொன்னார்.

"வச்சிருந்தம் தங்கச்சி" என்றார். "அஸர் தொழுதும் வச்சிருந்தம். போன் அடிச்சா வேல செய்யல. கடல் இப்பிடிக் கிடக்கு, நீங்க திரும்பிப் போயிருப்பீங்க எண்டு எல்லாரும் சொன்னாங்க. இருட்டுறதுக்கு முன்ன எடுக்கச் சொன்னாங்க. நான் என்ன செய்ய?"

அவருடைய கைகளைப் பிடித்தேன். நகங்களுக்குள் மண் இருந்தது. ஈர மண். மூன்று பிடி மண் போட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறார். நான் அந்தக் கைகளை விடவில்லை. ரோட்டில் நின்று, அத்தனை ஆண்களுக்கும் முன்னால், அந்தக் கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு கத்தி அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எங்களில் அப்படிச் சத்தம் போட்டு அழக்கூடாது என்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

உள்ளே உம்மா வெள்ளை உடுத்து, இத்தா என்று நாலு மாதம் பத்து நாள் தனித்து இருக்கப்போகிற அறையில் பாயில் இருந்தா. என்னைக் கண்டு எழும்பவில்லை. கையை மட்டும் நீட்டினா. நான் அவவின் மடியில் விழுந்தேன். ஈர உடுப்பை மாற்று என்று யாரோ சொன்னார்கள். மாற்றவில்லை. உம்மாவின் வெள்ளைச் சேலையும் என்னோடு சேர்ந்து நனைந்தது.

"முகம் எப்பிடி இருந்திச்சு உம்மா?" என்று கேட்டேன்.

உம்மா என் தலையில் படிந்திருந்த உப்பைத் துடைத்தா. பிறகு, "ஷேவ் எடுக்காம இருந்தாரு. வெள்ள முடி. நேத்து எடுக்கச் சொன்னன், நாளைக்கு எண்டாரு" என்றா.

படகுக்காரரும் சாச்சாவும் அன்றிரவு எங்கள் வீட்டு விறாந்தையில் படுத்தார்கள். மறுநாள் படகுக்காரர் தன் வீட்டுக்குப் போனார். எண்ணெய் இல்லாததால் அவருடைய படகு வாரக்கணக்கில் அந்தக் கரையிலேயே கிடந்தது. கற்பிட்டி வாடியில் விட்டு வந்த வலையில் பாதியை எலி கடித்துப்போட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். காக்கா அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது, "அத விடுங்க. அந்தப் புள்ளைக்கு முகம் பாக்கக் கிடைக்கலயே, அதுதான் எனக்குக் கவல" என்றாராம். சாச்சா ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு, சுற்றுப் பாதையால் போய்ச் சேர்ந்தார். போனவர் வாடிக்குப் போய் ஸ்கூட்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் பரீட்சையை விட்டேன். உம்மாவுடன் இருந்தேன். இரவில் படுத்தால் பாய் அலை மாதிரி ஆடும். பகலில் யாராவது ஸ்கூட்டி என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தப் பதிவை மாற்றியிருந்தால் அட்டை கிடைத்திருக்கும், தாங்கியில் பெற்றோல் இருந்திருக்கும். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் காக்காதான் வாய் திறந்தார். "மாத்தியிருந்தாலும் அண்டைக்கு செட்டில பெற்றோல் இருக்கல தானே" என்றார். உண்மைதான். ஆனால் அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

அதற்குள் அரசாங்கம் கியூ.ஆர். முறையைக் கொண்டுவந்தது. எந்த மாகாணத்து வாகனமும் எந்த செட்டிலும் அடிக்கலாம். பதிவதற்கு வாகனத்தின் சொந்தக்காரருடைய அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். காக்கா மேசை லாச்சியைத் திறந்து வாப்பாவின் அட்டையை எடுத்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். நான் போனில் அடித்தேன். ஏற்றுக்கொண்டது. மௌத்தானவருடைய பேரில் எனக்குப் பெற்றோல் கிடைத்தது.

உம்மாவின் இத்தா முடிந்த பிறகு பஸ்ஸில் புத்தளத்துக்குத் திரும்பினேன். ஸ்கூட்டியின் மேல் சாச்சா வெங்காயச் சாக்குகளைப் போட்டு மூடியிருந்தார். பற்றரி இறங்கிப் போயிருந்தது. காலால் உதைத்து உதைத்து, சாச்சா வாங்கி வைத்திருந்த அரைப் போத்தல் பெற்றோலில் கிளப்பி, அதே செட்டுக்குப் போனேன். வரிசை சின்னதாக இருந்தது. பம்ப்பில் புதிதாக ஒருவர் நின்றார். நான் நீட்டிய போனைப் பிடித்து, கியூ.ஆர். படத்தைத் தன் போனால் படித்துப் பார்த்தார். நம்பர் தகட்டை அவர் பார்க்கவேயில்லை.

"யார்ட பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"வாப்பாட பேர்ல."

"அவர் வரலயா?"

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடித்தார். மூடியைத் திருகி, திறப்பைப் போட்டேன். அன்றைக்கு வகுப்பு இருந்தது. உப்பளங்களின் பக்கம் போகும்போது கண்ணில் தண்ணீர் முட்டி ரோட்டு தெரியாமல் போனது. ஓரமாக நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன்.